சுண்ணாம்புச் சுவரும் பெயிண்ட் கடை மச்சானும்

என் மனைவியின் அண்ணன் சிதம்பரத்தில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், 2009-ல் கடலூர் செம்மண்டலத்தில் நாங்கள் வீடு கட்ட ஆரம்பித்தபோது, வெளிச்சுவரில் ஒரு சொட்டு பெயிண்ட் படக்கூடாது என்று என் மனைவி முடிவெடுத்தாள். மச்சான் மளிகைக் கடை வைத்திருந்தால் அது வெறும் கட்டட வேலையாக முடிந்திருக்கும்.

அவள் அப்படி முடிவெடுத்ததற்கு நாங்கள் அதுவரை குடியிருந்த வாடகை வீடுதான் காரணம். கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. உப்புக்காற்று ஓயாமல் அடிக்கும் இடம். தங்கை இருக்கும் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மச்சான் ஒவ்வொரு பொங்கலுக்கும் டப்பாக்களை டாடா ஏஸில் ஏற்றி, ஆளும் அனுப்பி வெளியே அடித்துத் தருவார். வீட்டுக்காரரே செய்யாத உபசாரம். சித்திரை பிறப்பதற்குள் சுவர் முழுக்க அப்பளம் பொரிந்த மாதிரி உப்பிவிடும். என் மனைவி பால்காரருக்காக வாசலில் நிற்கும் நேரத்தில் தலையில் இருக்கும் ஊக்கை எடுத்து அந்தக் கொப்புளங்களை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருப்பாள்.

"பெயிண்ட் மேல தப்பில்ல மாப்ள, செவுரு சரியில்ல" என்றார் மச்சான் முதல் வருஷம். அடுத்த வருஷம் வேறு கம்பெனி பெயிண்ட். அதுவும் உப்பியது. "செவுரு மேலயும் தப்பில்ல. காத்து சரியில்ல" என்றார்.

என் மனைவி மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். அந்த வாக்கியத்தை அவள் விடவில்லை. "காத்த மாத்த முடியாது. அப்ப காத்துக்கு ஏத்த மாதிரிதானே செவுத்த பூசணும்?" என்று கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள். நான் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. சுவர்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயமே கிடையாது. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

மனை வாங்கியதும் அவள் ஒரு கொள்கை வைத்தாள். வீட்டுக்கு வெளிப்பக்கம் போடும் சாமான் எல்லாம் நம் மாவட்டத்துக்குள்ளேயே கிடைப்பதாக இருக்க வேண்டும். என்றைக்காவது பேந்து விழுந்தால் மண்ணோடு மண்ணாகப் போக வேண்டும். அப்படிப் பார்த்தால் சுவருக்கு நெய்வேலிச் சாம்பலில் செய்த கல். பூச்சுக்குக் கிள்ளைப் பக்கம் கிடைக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. நிறத்துக்கு அந்தச் சுண்ணாம்பிலேயே கொஞ்சம் காவி. அவ்வளவுதான்.

இதைச் சொல்ல சிதம்பரம் போனோம். மச்சான் கடையில் எங்களை உட்கார வைத்து, கலர் கேட்டலாக்கைத் திறந்து வைத்திருந்தார். ஏற்கெனவே மூன்று பக்கங்களை மடித்திருந்தார். முன்பக்கம் பீச், பக்கச்சுவர் பிஸ்தா, தூண் மட்டும் மெரூன்.

"அண்ணே, வெளிய பெயிண்ட் வேணாம்னு இருக்கோம்" என்றாள்.

"இருக்கோம்" என்று அவள் சொன்னதும் நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"டைல்ஸ் ஒட்டப் போறீங்களா? எவனாவது டைல்ஸ் கடைக்காரன் வந்து பேசுனானா?"

"இல்லண்ணே. சாம்பல் கல்லு. மேல சுண்ணாம்புப் பூச்சு."

மச்சான் கேட்டலாக்கை மெதுவாக மூடினார். "சாம்பலு. நல்ல காரியம் பேசற எடத்துல சொல்ற வார்த்தையா பாப்பா அது?"

"நெலக்கரி எரிச்ச சாம்பல்ண்ணே. மலையா குமிஞ்சி கெடக்கு. செங்கல்லுக்காக வயக்காட்டு மண்ண வெட்டறதுக்கு இது தேவலாம்."

"சுண்ணாம்பு வெத்தலைக்குப் போடறது. வூட்டுக்குப் போடறாங்களா இந்தக் காலத்துல?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க என்ன சொல்றீங்க?"

"ஃபேன் நல்லா ஓடுது மச்சான்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்தபோது, அவள் பூ வாங்கும் சமயம் பார்த்து என் சட்டைப் பையில் ஒரு கலர் கார்டைத் திணித்தார். "அவ மனசு மாறும். சமயம் பாத்து காட்டுங்க. எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள. கடைக்கு வர்றவனெல்லாம் கேப்பான். பெயிண்ட் கடைக்காரன் தங்கச்சி வூட்டுக்கே பெயிண்ட் இல்லியான்னு. நான் என்னன்னு சொல்லுவேன்?" எனக்குப் பாவமாக இருந்தது. கார்டைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பஸ் புவனகிரி தாண்டுவதற்குள் அவளே என் பையிலிருந்து அதை எடுத்து, அழகாக இருக்கிறது என்று சொல்லி விசிறிக்கொண்டு வந்தாள்.

ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு பிடிவாதம் பிடிப்பவள் அல்ல. பரீட்சை வைத்துத்தான் முடிவு என்றாள். வாடகை வீட்டின் பின்பக்கம் பலகை அளவுக்குச் சின்னச் சின்னச் சுவர்களாக மேஸ்திரியை வைத்துக் கட்டினாள். ஒன்றில் சிமெண்ட் பூசி அண்ணன் கடைப் பெயிண்ட். ஒன்றில் வெறும் சிமெண்ட். ஒன்றில் சுண்ணாம்பு. ஒன்றில் மண் கலந்த சுண்ணாம்பு. எல்லாவற்றுக்கும் தினம் கடல்நீர் ஊற்ற வேண்டும். கடல்நீர் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு.

ஆபீஸ் விட்டதும் சில்வர் பீச்சுக்கு வண்டியை விட்டு, பேண்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டிக்கொண்டு அலையில் இறங்கி, வெள்ளைக் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவேன். சுண்டல் சாப்பிட வந்த எங்கள் ஆபீஸ்காரர்கள் முதலில் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். பிறகு ஒருவர் வந்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார். சுவருக்கு ஊற்ற என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தெருவில் வேறு விதமாகப் பரவியது. பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் கேட்டை மறித்துக்கொண்டு, "தம்பி, முட்டி வலிக்குத்தானே கொண்டாறீங்க? எனக்கும் ஒரு சொம்பு ஊத்துங்க. கால வெச்சிக்கிறேன்" என்றார். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அப்புறம் எதிர் வீடு. அப்புறம் அவர்களுடைய சம்பந்தி. கடைசியில் நான் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வந்தேன். ஒன்று சுவருக்கு, ஒன்று முட்டிகளுக்கு. முட்டிகள் தேறினவா என்று தெரியாது. மண் கலந்த சுவர் சீக்கிரமே கரைந்து உட்கார்ந்தது. அண்ணன் கடைப் பெயிண்ட் வழக்கம்போல உப்பியது. வெறும் சிமெண்டில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. சுண்ணாம்புச் சுவர் மட்டும் கொஞ்சம் கறுத்ததோடு சரி.

மச்சான் வந்து பார்த்தார். உப்பிய பெயிண்டை விரலால் அழுத்தி, "இது பழைய ஸ்டாக்கு" என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

வேலை செம்மண்டலத்தில் நடந்தது. மேஸ்திரிக்குச் சுண்ணாம்பு வேலை தெரியாது. ஆனால் தெரியாது என்ற வார்த்தையும் அவருக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் "பண்ணிட்லாம்மா" என்பார். என் மனைவி பள்ளிக்கூட அளவு ஜாடியை வைத்துக்கொண்டு கலவை சொல்லிக்கொடுக்க, அவர் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்து, "சார், இது எதனா வேண்டுதலா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

பூச்சு இறுகிப் பிடிக்க, தண்ணீருக்குப் பதில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஊற்ற வேண்டும் என்று அவள் படித்திருந்தாள். கடுக்காய் வாங்க நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டார். ஒரு மூட்டை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கடுக்காய் வயிற்றைச் சுத்தம் செய்கிற சரக்கு. ஒருவருக்கு ஒரு ஸ்பூன் பொடியே ஜாஸ்தி.

"வூட்ல எத்தினி பேரு?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருதான்."

"ரொம்ப நாளா கஷ்டப்படறீங்களா?"

சுவருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். கடற்கரை அனுபவம் ஞாபகம் வந்தது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வெல்லம் விஷயத்தில்தான் தப்பு நடந்தது. நல்ல வெல்லத்தைச் சுவரில் பூசுவானேன் என்று மேஸ்திரி கறுத்துப்போன மட்ட வெல்லத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் அந்த வெல்லத்தை மொத்தமாக வாங்குகிறவர்கள் எதற்கு வாங்குவார்கள் என்று ஊருக்கே தெரியும். மாட்டுக்குக் கொஞ்சம் போகும். மிச்சம் சாராயம் காய்ச்சப் போகும்.

நீல நிற டிரம்களில் கடுக்காயும் வெல்லமும் தண்ணீரும் நிரப்பி மூடி வைத்தோம். சில நாளில் நுரைத்தது. பொருமுகிற சத்தம் வந்தது. வாடையும் கிளம்பியது. முதல் வாரம் செம்மண்டலம் முழுக்க, "இன்னிக்கி சிப்காட் கெமிக்கல் கம்பெனிங்க பக்கத்துக் காத்துபோலருக்கு" என்று ஜன்னலைச் சாத்தினார்கள். நானும் எல்லோரோடும் சேர்ந்து, ஆமாம், ரொம்ப மோசம் என்றேன். அடுத்த வாரம் காற்று மாறியும் வாடை மாறவில்லை. மக்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு எங்கள் மனையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை ஜீப் வந்து நின்றது. ஒரு சப் இன்ஸ்பெக்டரும் ஏட்டும் இறங்கினார்கள். கல் சுமந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் அந்தந்த இடத்திலேயே கல்லோடு நின்றுவிட்டார்கள். மேஸ்திரி சாரத்தின் மேலே இருந்தார். இறங்கவே இல்லை.

"யாருய்யா இங்க ஓனரு? ஊறல் போட்டிருக்கறதா தகவல் வந்திருக்கு."

என் மனைவி முன்னால் வந்தாள். "ஊறல்தான் சார். ஆனா செவுத்துக்கு."

"செவுரு குடிக்குமா?"

அவள் விளக்க ஆரம்பித்தாள். சுண்ணாம்பு, காற்றில் இருக்கும் கரியமில வாயு, இரண்டும் சேர்ந்து மறுபடி கல்லாவது, அதற்குள் வெடிக்காமல் இந்த நீர் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று பத்தாம் வகுப்புக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். சப் இன்ஸ்பெக்டரின் முகத்தில் பத்தாம் வகுப்பின் களை வந்தது. ஏட்டு அதற்குள் டிரம்மைத் திறந்து, விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டார். அவர் முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது.

"ஐயா, இது சரக்கில்ல. சரக்குன்னா எனக்குத் தெரியாதா" என்றார்.

சப் இன்ஸ்பெக்டர் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"கேள்விப்பட்டது சொல்றேன் ஐயா" என்றார் ஏட்டு.

"ஜாஸ்தி சாப்பிடாதீங்க சார். கடுக்காயி" என்றாள் என் மனைவி.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் வந்தார். கடைசி முயற்சியாகப் புது கேட்டலாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஜீப்பையும் தங்கையையும் பார்த்ததும் ஓடி வந்தார். "சார்! சார்! என்ன சார்? இது என் தங்கச்சி சார். டீச்சர் சார்."

"நீங்க யாரு?"

"சிதம்பரத்துல பெயிண்ட் கடை வெச்சிருக்கேன் சார்."

"அப்ப நீங்க சொல்லுங்க. செவுத்துக்கு இந்தக் கருமத்தப் பூசுவாங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். கேட்டலாக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "பூசுவாங்க சார்."

"பெயிண்ட் எதுக்கு இருக்கு அப்பறம்?"

"பெயிண்ட் உப்புக்காத்துக்கு நிக்காது சார். உப்பிப் போயிடும்." அவர் தொண்டையைக் கனைத்தார். "பெயிண்ட் போட்டா செவுரு மூச்சு வுட முடியாது. உள்ள இருக்கற ஈரம் வெளிய வரப் பாக்கும். அதான் கொப்புளம். சுண்ணாம்புன்னா ஈரம் வரும், போவும். சிதம்பரத்துல கோயில் மதிலு எத்தினி நூறு வருஷமா நிக்குது, எமல்ஷன்லயா சார் நிக்குது? இவ சோதன பண்ணியே பாத்துட்டா சார். நானே கண்ணால பாத்தேன். என் கடைப் பெயிண்டுதான் உப்புச்சி."

மாதக்கணக்கில் தங்கை அவரிடம் சொல்லிச் சொல்லி அவர் காதில் வாங்காதது போல இருந்த அத்தனையும் வரிசையாக வந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று நினைத்து மச்சான் இன்னும் வேகமாகப் பேசினார். சாம்பல் கல் வெயிலைத் தாங்கும் என்றார். வயல் மண் மிச்சமாகும் என்றார். நாங்கள் சொல்லாததையும் இரண்டு மூன்று சேர்த்துச் சொன்னார்.

"சரி, பூசிக் காட்டச் சொல்லுங்க" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

மேஸ்திரியைச் சாரத்திலிருந்து இறக்குவதற்கே பத்து நிமிஷம் ஆயிற்று. கலவையைக் குழைத்துச் சுவரில் அடித்தார். பயத்திலோ என்னவோ, அன்றைக்குத்தான் பூச்சு ஒழுங்காக வந்தது. சப் இன்ஸ்பெக்டர் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு மச்சானைத் தனியாக அழைத்துப் போனார். அவரும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாராம். பரங்கிப்பேட்டைப் பக்கம், கடலோரம். என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று கேட்டாராம்.

"என்ன மச்சான் சொன்னீங்க?" என்றேன் ஜீப் போன பிறகு.

"என்னத்தச் சொல்றது? அவ்ளோ பேசிட்டு பெயிண்ட்டுனு எந்த வாயால சொல்றது? போயி நாலு டிரம் ஊறப்போடுங்க சார்னு சொன்னேன்." அவர் ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "நல்ல பெரிய வூடு மாப்ள அது. ரெண்டு மாடி."

2010 தை மாதம் கிரகப்பிரவேசம். சுவர் வெளிர் சந்தன நிறத்தில், வெயிலில் ஒரு மாதிரி, மேகத்தில் ஒரு மாதிரி தெரிந்தது. எனக்கே பிடித்துப்போயிற்று. வந்தவர்கள் மட்டும் வாசலிலேயே நின்று, "எப்ப பெயிண்ட் அடிக்கப் போறீங்க?" என்று பரிவோடு கேட்டார்கள். காட்டுமன்னார்கோயிலில் இருந்து வந்த பெரியப்பா ஒருவர் என் கையைப் பிடித்து, "எல்லாம் மெல்ல பண்ணிக்கலாம், கவலப்படாத" என்று ஆறுதல் சொன்னார். மச்சானுக்கு இது தாங்கவில்லை. சந்தனக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு அவரே வாசலில் போய் நின்றார். வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்குள், "இத்தாலி ஃபினிஷிங்" என்று சொல்லிப் பொட்டு வைத்தார். அதற்குப் பிறகு எல்லோரும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆமாம், வித்தியாசமாகத்தான் இருக்கிறது என்றார்கள். இத்தாலிச் சுவரில் ஏன் இவ்வளவு எறும்பு ஊர்கிறது என்று பெரியப்பா மட்டும் கேட்டார். வெல்லம் சுவரில் இருந்தது எறும்புகளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. முதல் மழை வரைக்கும் அவை எங்களோடுதான் குடியிருந்தன.

மறு வருஷக் கடைசியில் 'தானே' என்ற புயல் வந்தது. விடியற்காலையில் தொடங்கிய காற்று காலை முழுக்க வீட்டை உலுக்கியது. நாங்கள் நடு அறையில் கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். ஓய்ந்ததும் கதவைத் திறந்தால் தெருவே தெரியவில்லை, எல்லாம் மரம். பக்கத்து மனைத் தென்னை எங்கள் வடக்குச் சுவர்மேல் சாய்ந்து, கதவு அகலத்துக்குப் பூச்சைப் பெயர்த்திருந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி விழுந்த பூச்சைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "பாருங்க, மண்ணோட மண்ணாப் போவும்னு சொன்னேன்ல" என்றாள். புயலில் மகிழ்ச்சியாக இருந்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

கரண்ட் வரவே பல நாள் ஆனது. ஊரில் எல்லார் கூரையும் போயிருந்ததால் மேஸ்திரி கையில் அகப்படவில்லை. பஸ் ஓடத் தொடங்கியதும் மச்சான் அரிசியும் மெழுகுவர்த்தியும் தூக்கிக்கொண்டு வந்தார். பெயர்ந்த சுவரைப் பார்த்தார். பெயிண்ட் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "டிரம் எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார்.

மூன்று பேருமாகப் பூசினோம். அவர் கையுறை வேண்டாம் என்று வீறாப்பாகச் சுண்ணாம்பில் கை விட்டு, விரல் நுனியெல்லாம் வெந்து, சாயங்காலம் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தில் விரல்களை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டை அவள் பிசைந்து உருண்டையாக அவர் வாயில் கொடுத்தாள். "சின்ன வயசுல உனக்கு நான் குடுத்தேன்" என்றார். "கொழம்பு ஊத்தாம குடுத்தண்ணே" என்றாள் அவள்.

நாங்கள் பூசிய இடம் காய்ந்ததும் வெளுப்பாக நின்றது. காவி அளவு தப்பிப்போயிற்று. நடுவே நான் கலந்த கலவை வேறு. சந்தனச் சுவரில் பெரிய வெள்ளைத் திட்டு. சில மாதத்தில் வெயில் பட்டு நிறம் சேர்ந்துவிடும் என்று என் மனைவி சொன்னாள். சேரவில்லை.

2012-ல் ஒருநாள் புதிதாக வந்த கேஸ் சிலிண்டர்காரர் தெருமுனையில் நின்று வழி கேட்டிருக்கிறார். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் சிலிண்டரை இறக்கியவர், ரசீதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தேமல் வூடுன்னாங்களே, இதானேம்மா?" என்று கேட்டார்.

"இதான்" என்றாள் என் மனைவி. "பாத்து உள்ள கொண்டாங்க, செவுத்துல இடிச்சிடாதீங்க."